குளோவர் மேய்ந்த ஆடுகள்

1940களின் தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆட்டுப் பண்ணைகளில் விளங்காத துயரம் ஒன்று சூழ்ந்தது. கொழுத்த செம்மறிகள் சினைபிடிக்க மறுத்தன. சினையுற்றவற்றில் பல ஈன முடியாமல் மடிந்தன. குட்டிகள் இறந்தே பிறந்தன. சில ஆடுகளின் கருப்பை வெளியே தள்ளிற்று. கிடாவோடு சேராத ஆடுகளுக்கும், ஏன், காயடிக்கப்பட்ட ஆண் ஆடுகளுக்கும்கூட மடி சுரந்தது.

ஆடுகள் மேய்ந்தது மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்து சேர்ந்த ஒருவகைக் குளோவர் செடி. நிலக்கடலையைப்போலத் தன் விதையைத் தானே மண்ணுக்குள் புதைத்துக்கொள்ளும் இயல்புடையது. சத்தற்ற அந்த மண்ணைச் சூப்பர் பாஸ்பேட் உரத்தோடு சேர்ந்து பசும்புல்வெளியாக்கியது இச்செடிதான். வாழ்வளித்ததையே ஐயுற வேண்டிய நிலை உழவர்களுக்கு.

1946இல் பென்னட்ஸ், அண்டர்வுட், ஷியர் என்னும் மூவர் இந்நோயை விரிவாகப் பதிவுசெய்தனர். அறிகுறிகள் அனைத்தும் ஈஸ்ட்ரோஜன் மிகுதியையே சுட்டின. 1951இல் அதே குளோவரிலிருந்து ஜெனிஸ்டீன் பிரித்தெடுக்கப்பட்டது. அது புதிய பொருளன்று. சாயச்செடி ஒன்றிலிருந்து 1899லேயே வேதியியலாளர் கண்டெடுத்திருந்த பொருள். ஃபிளவனாய்டுகள் என்னும் பெருங்குடும்பத்தில், அவரையினச் செடிகளில் மிகுந்து காணப்படும் ஐசோஃபிளவோன் கிளையைச் சேர்ந்தது.

செடிப்பொருள் எவ்வாறு பெண்மை ஹார்மோனின் வேலையைச் செய்கிறது? இரண்டும் பிறப்பால் உறவினர் அல்லர். ஈஸ்ட்ரோஜன் கொழுப்பிலிருந்து பிறக்கும் ஸ்டீராய்டு. ஐசோஃபிளவோனின் கட்டமைப்போ முற்றிலும் வேறு. ஆயினும் மூலக்கூறின் இரு முனைகளிலும் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளின் இடைவெளி ஏறத்தாழ ஒத்திருக்கிறது. உயிரணுவின் ஏற்பி என்னும் பூட்டுக்கு அவ்வளவு ஒப்புமை போதும். சாவி பொருந்திவிடுகிறது, சற்றுத் தளர்வாக.

ஜெனிஸ்டீனே குற்றவாளி என்ற முடிவு நிலைக்கவில்லை. பழகிய ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்துத் தீங்கற்றதாக்கி விடுகின்றன. ஃபார்மோனோநெட்டின் என்ற மற்றொன்றே உண்மைக் காரணம் என்பது 1960களில் தெளிவாயிற்று. செடியில் இருக்கும்போது அது ஏறக்குறைய செயலற்றது. அதே நுண்ணுயிரிகள் அதை டெய்ட்சீனாகவும், பின்னர் ஈக்வாலாகவும் மாற்றுகின்றன. ஆட்டை வீழ்த்துவது ஈக்வால். ஒன்றை முறிக்கும் வயிறே மற்றொன்றைக் கூர்தீட்டுகிறது!

இந்த ஈக்வாலும் பழைய பெயர்தான். 1932இல் மாரியன், ஹேஸில்வுட் இருவரும் சினைக் குதிரையின் சிறுநீரில் இதனைக் கண்டு, குதிரையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் பெயரிட்டனர். அரைநூற்றாண்டு கழித்து, 1982இல், மனிதச் சிறுநீரிலும் அது காணப்பட்டது. சோயாவிலுள்ள டெய்ட்சீனைக் குடல் நுண்ணுயிரிகள் ஈக்வாலாக்குகின்றன. ஆனால் எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. மேலைநாடுகளில் மூன்றிலொரு பங்கினர் வரை, கிழக்காசியாவில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்த ஆற்றல் பெற்றவர்கள்.

1996இல் ஸ்வீடனில் இரண்டாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கண்டறியப்பட்டபோது கதை மேலும் சிக்கலாயிற்று. ஜெனிஸ்டீன் பழைய ஏற்பியைவிடப் புதியதையே இறுகப் பற்றுகிறது. இரு ஏற்பிகளும் உடலெங்கும் ஒரே அளவில் பரவியிருப்பதில்லை. ஆகவே ஒரே பொருள் ஓர் உறுப்பில் ஹார்மோனைப் போலவும், வேறோர் உறுப்பில் ஹார்மோனின் இடத்தை அடைத்து அதைத் தடுப்பதாகவும் இயங்கக்கூடும்.

ஆஸ்திரேலியர்கள் குளோவரைக் கைவிடவில்லை. ஃபார்மோனோநெட்டின் குறைந்த வகைகளைத் தேர்ந்து விதைத்தனர். சோயாவை அமுதமென்றும் நஞ்சென்றும் மாறிமாறிக் கூவும் நம் காலத்துக்கு அதில் ஒரு பாடம் உண்டு. செடியில் என்ன இருக்கிறது என்பது பாதிக் கேள்வியே. எவ்வளவு, எவர் உண்டார், அவர் வயிற்றில் அது என்னவாயிற்று என்பவை மீதிப் பாதி. ஆடு பட்ட பாட்டை அப்படியே மனிதர் மீது ஏற்றிப் பேசுவோர் அந்த மீதியைக் கேட்பதேயில்லை.