உடைந்த உறை உரைத்த உண்மை

வகுப்பறையில் ஒரு சிறுவன். தரையிலிருந்து எழும்போது கைகளை முழங்காலிலும் தொடையிலும் மாறி மாறி ஊன்றி எழுகிறான், ஓடினால் விழுகிறான், கெண்டைக்காலோ பருத்திருக்கிறது. சோம்பல் என்று நாம் எண்ணிவிடுகிறோம். இது மரபுவழித் தசைச்சிதைவு நோயின் அறிகுறியாகலாம் என்பதை லண்டன் மருத்துவர் கவர்ஸ் 1879-ஆம் ஆண்டிலேயே விளக்கினார்.

இந்நோய் பிரெஞ்சு மருத்துவர் டூஷென் பெயரால் வழங்குகிறது. அவர் 1868-இல் இதனை விரிவாக எழுதினார். எனினும், 1851-இலேயே லண்டன் மருத்துவச் சங்கமொன்றில் எட்வர்டு மெரியன் என்பார் இதுபற்றிக் கட்டுரை படித்துள்ளார். ஒரே குடும்பத்தில் ஆண்பிள்ளைகளையே இந்நோய் பற்றுவதை அவர் கண்டார். இறந்த சிறுவனின் தண்டுவடம் பழுதின்றி இருந்தது; தசையிழைகளோ சிதைந்து, அவற்றைப் போர்த்திய மெல்லிய உறையும் உடைந்திருந்தது. நோய் நரம்பில் இல்லை, தசையிலேயே உள்ளது என அவர் துணிந்தார். அவர் கண்டது நெடுங்காலம் உரிய கவனம் பெறவில்லை.

1959-இல் ஜப்பானிய அறிஞர் எபாஷியும் அவர் குழுவினரும், தசைக்குள் இருக்கவேண்டிய நொதியொன்று நோயாளர் குருதியில் மிகுந்திருப்பதைக் கண்டனர். உறை உடைந்தால் உள்ளிருப்பது கசியுமன்றோ?

உறை ஏன் உடைகிறது? 1986-இல் பாஸ்டனில் குன்கெல் குழுவினர் எக்ஸ் குரோமோசோமில் அதற்குரிய மரபணுவைப் பிரித்தறிந்தனர். மறு ஆண்டு, அது ஆக்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதமும் புலனாயிற்று. நோயுற்றோர் தசையில் அது அநேகமாக இல்லை.

போர்ட் கிள்ளான் துறையில் கப்பலைக் கரையோடு பிணைக்கும் வடங்களை நாம் பார்த்திருக்கிறோம். தசையின் உள்நார்களை உறையோடு பிணைக்கும் வடமே டிஸ்ட்ரோபின். அது இல்லையேல், அதனைச் சார்ந்த பிற புரதங்களும் உறையில் குறைகின்றன. அழற்சிக்கும் தழும்புக்கும் உரிய மரபணுக்கள் மிகுதியாக இயங்குகின்றன. யூட்ரோபின் என்னும் உறவுப் புரதம் பெருகி உதவ முயல்கிறது. ஆயினும் அது போதவில்லை. நாளடைவில் தசை இருந்த இடத்தைக் கொழுப்பும் தழும்பும் நிரப்புகின்றன. கெண்டைக்கால் பருத்தது வலிமையால் அன்று.

தாய்வழி வரும் நோயாதலின் தாயைப் பழிப்பாரும் உளர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் இப்பழுது புதிதாகவே தோன்றுகிறது. மற்றத் தாயரும் அறிந்து அளித்தாரல்லர். காலத்தே கண்டறிந்தால், மருந்தாலும் பயிற்சியாலும் சிறுவன் நடக்கும் ஆண்டுகளைக் கூட்டலாம். மெரியன் கூர்ந்து நோக்கினார். அடுத்த முறை தடுமாறி எழும் மாணவனைக் காணும்போது, கடிந்துரைக்குமுன் ஆசிரியரும் சற்றே கூர்ந்து நோக்குவாராக.