கொள்ளை நோயும் மலையக இளைஞர் வாழ்வும்: நானுஓயாவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றவுடன் முடிமன்னரும் போர்க்களங்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவிற்கு வருதல் இயல்பு. எனினும், நாடுகளைத் தாக்கிய கொள்ளை நோய்களும் மக்கள் வாழ்வின் போக்கைப் பெரிதும் மாற்றியுள்ளன என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. நோயினால் இறந்தோர் தொகையை அரசாங்க அறிக்கைகள் எண்ணிக் கூறும். இறவாது எஞ்சியோர் இழந்த காலத்தையும், இடையில் நின்ற கல்வியையும், கைநழுவிய தொழிலையும் எண்ணிக் கூறுவார் அரியர். 2020ஆம் ஆண்டில் இலங்கையிற் பரவிய கொவிட்-19 நோய், நானுஓயாவையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் சார்ந்த இளைஞரின் வாழ்வுத் திட்டங்களை எவ்வாறு குலைத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நானுஓயா, கடல் மட்டத்திற்கு 5,000 அடிக்கு மேல் அமைந்த ஒரு மலைநாட்டு ஊர். நுவரெலியா நகருக்குச் செல்வோர் இறங்கும் புகையிரத நிலையம் இங்கேயே உள்ளது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்கத் தொடங்கியபின், தேயிலை மலைச்சரிவுகளைப் பற்றிப் பரவிற்று. 1885ஆம் ஆண்டில் இருப்புப்பாதை நானுஓயாவை எட்டியது. தோட்டங்களின் விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்திற்கு இறக்குவதும், அரிசியையும் தொழிலாளரையும் மலைக்கு ஏற்றுவதும் அப்பாதையின் பணிகளாயின. ஒரு நூற்றாண்டு கழிந்தபின், ரதல்ல, கிளாசோ, எடின்பரோ முதலிய தோட்டங்களின் பிள்ளைகள் பிழைப்பும் படிப்பும் தேடிக் கீழிறங்கியதும் அதே பாதை வழியேதான்.

நோயும் மலையக மக்களின் பயணமும் தொடக்கம் முதலே பிணைந்து வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்துவந்த தமிழகத்துத் தொழிலாளரை வாந்திபேதி வாரிக்கொண்டது. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியபின், வருவோரைத் தடுத்துவைத்துச் சோதிக்கும் முறை கடுமையாயிற்று. பின்னர் மண்டபம் முகாம் அப்பணிக்குப் பெயர்பெற்ற இடமாயிற்று. அங்கே சில நாள் தங்கி, நோயற்றவர் எனச் சான்று பெற்றவரே கடல் கடந்தனர். 1918-1919இல் உலகைச் சுற்றிய இன்புளுவென்சாக் காய்ச்சல் தோட்ட லயன்களிலும் புகுந்தது. அதனை அடுத்து வந்த அரிசித் தட்டுப்பாடு தொழிலாளரை மேலும் வாட்டியது. 1934-1935இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்ட மலேரியா, பெரும்பாலும் தாழ்நிலத்தையும் இடைநிலத்தையுமே தாக்கியது. உயர்மலைக் குளிர் நானுஓயா போன்ற இடங்களுக்கு அரணாய் நின்றது.

அக்காலத் தொழிலாளர்க்கும் வாழ்வுத் திட்டம் இருந்தது. பெரிய கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்த்து, சிறிது பொருள் சேர்த்து, சொந்த ஊரில் ஒரு துண்டு நிலம் வாங்குவதே அது. கடனைத் தோட்டத்திலிருந்து தோட்டத்திற்குக் கடத்திய துண்டு முறை 1921இல் ஒழியும் வரை, பலர்க்கு அத்திட்டம் கனவாகவே கழிந்தது.

சுதந்திரத்தின்பின் நிலைமை வேறு வகையில் இறுகிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 அக்டோபரில் கையெழுத்தான ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சி நின்றோரின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே பெரிதும் தீர்ந்தது. 1945இல் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வியின் பயனும் தோட்டப் பாடசாலைகளுக்கு உரிய காலத்திற் கிட்டவில்லை. 1970களில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே, லயக் காம்பிராவிலிருந்து பல்கலைக்கழகம் வரை ஒரு பாதை தெளிவாகத் தெரிந்தது. பரீட்சையே அப்பாதையின் படிக்கல். அதில் ஏறமுடியாதோர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மேற்காசிய நாடுகளுக்கும் சென்றனர். நானுஓயாவிலேயே தங்கியோருட் சிலர், உல்லாசப் பயணிகளை நம்பி முச்சக்கர வண்டி ஓட்டியும், விடுதிகளில் வேலை செய்தும் வாழ்ந்தனர்.

இந்நிலையிலேதான் 2020 மார்ச் மாத நடுப்பகுதியிற் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் வந்தது. புகையிரதங்கள் நின்றன, விமான நிலையம் பயணிகளுக்குத் தன் வாயிலை அடைத்தது. நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகால விழாக்கள் நடைபெறவில்லை. ஒரு பருவத்தின் வருவாயைக் கொண்டு வண்டிக் கடனின் தவணைகளைக் கட்டுவோர்க்கு இது பேரிடியாயிற்று. விமான நிலையம் 2021 ஜனவரியில் மீண்டும் திறந்தபின்னும் பயணிகள் முன்போல் வரவில்லை.

தோட்ட வேலை மட்டும் நிற்கவில்லை. நாட்டிற்கு அந்நியச் செலாவணி தரும் பயிர் என்பதால், ஊரடங்கிலும் பிரட்டுக் களம் கூடிற்று, கொழுந்து பறிக்கப்பட்டது. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரல் 4ஆம் நாள் முதன்முதலாக மின்னணு முறையில் நடந்தேறியது. 137 ஆண்டுக் காலப் பழக்கம் ஊரடங்கு வந்த பதினைந்தே நாளிற் புதுமுறைக்கு மாறிற்று. அத்தேயிலையைப் பறித்தவரின் பிள்ளை பாடங் கேட்பதற்கோ, வீட்டிலிருந்த ஒரே கைத்தொலைபேசியைத் தம்பி தங்கையரோடு பகிர்ந்து, அலைவரிசை கிட்டும் மேட்டைத் தேடி ஏற வேண்டியதாயிற்று. பொருளை விற்பதற்கு ஒரு சமூகம் காட்டும் விரைவைப் பிள்ளைகளைப் படிப்பிப்பதற்குக் காட்டவில்லை என்னும் இவ்வுண்மை, வருங்கால வரலாற்றாசிரியரின் கண்ணுக்குத் தப்பாது.

பரீட்சைக் காலங்களை நோக்கினால் இழப்பின் அளவு புலனாகும். ஆகஸ்ட் மாதத்தில் நடைபெற வேண்டிய 2020ஆம் ஆண்டுக் கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சை அக்டோபர் 12ஆம் நாளே தொடங்கியது. அதுவும் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் இரண்டாம் அலை வெளிப்பட்டு ஒரு வாரத்தின்பின். 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 பெப்ரவரிக்கும், 2022ஆம் ஆண்டுக்குரியது 2023 ஜனவரிக்கும் தள்ளின. சாதாரண தரப் பரீட்சையோ 2021 டிசம்பரிலிருந்து 2022 மே மாதத்திற்கு நகர்ந்தது. ஐந்து ஆறு மாதங்கள் வசதி படைத்த குடும்பத்திற்கு ஒரு காத்திருப்பு, அவ்வளவே. 2019ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி 700 ரூபா அடிப்படை நாட்கூலி பெற்ற குடும்பத்திலோ, வளர்ந்த பிள்ளை வேலையின்றி வீட்டிலிருக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு வினாவாகும். 'பரீட்சை வரும்வரை கடையில் நிற்கட்டும்' என்று அனுப்பப்பட்ட பிள்ளை, பரீட்சை வந்தபோது புத்தகத்திற்கு மீள்வது எளிதன்று.

கொழும்பிலிருந்து திரும்பியோர் நிலையும் நினைக்கத்தக்கது. கடைகள் மூடியபோது அவர்களை ஏற்றது, எதைவிட்டு நீங்க முயன்றார்களோ அந்த லயன் வீடேயாகும். ஊர் திரும்பியவர் நோய் கொண்டுவருவார் என்ற அச்சமும் நிலவியது. மண்டபத்தில் முன்னோர் கண்ட ஐயப்பார்வையைப் பேரர் தம் சொந்த ஊரிலேயே கண்டனர் எனலாம். சிலர் மரக்கறித் தோட்டங்களிற் கூலிக்குச் சென்றனர்; சிலர் தாயுடன் கொழுந்து பறிக்கப் பெயர் பதிந்தனர்.

நோய் தணியுமுன் அடுத்த அடி விழுந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வாயிலாக நாட்கூலி 1,000 ரூபாவாயிற்று. ஆயின் அதே ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைவு, 2022இல் 25 கோடி கிலோ அளவிற்கு இறங்கிற்று. கொழுந்து குறைந்தால் முழுப் பெயர் அரைப் பெயராகும் என்பதை மலைநாட்டார் அறிவர். அவ்வாண்டின் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மாவும் எரிபொருளும் விலையேறின. பள்ளிக்குத் திரும்பத் துணிந்தோரையும் பேருந்துக் கட்டணம் தடுத்தது.

இவற்றால் நாம் பெறும் முடிபு யாது? நோய்க்கிருமி ஏழை, செல்வர் என்று பாராது தொற்றலாம். ஆனால் காத்திருக்கும் ஆற்றல் யாவர்க்கும் ஒன்றாய் இல்லை. இன்புளுவென்சாக் காலத்திற் கடன் தொழிலாளரின் திட்டத்தைத் தடுத்தது. கொவிட் காலத்திற் கூலிக் குறைவும் கருவியின்மையும் பேரரின் திட்டத்தைத் தடுத்தன. நோய் போனபின்னும் தடை எஞ்சுவது இதனாலேயாம்.

இவ்வரலாற்றுக்குரிய சான்றுகள் இன்னும் அழியவில்லை. பாடசாலைச் சேர்விடாப்புகளில் 2020க்கும் 2023க்கும் இடையே நின்றுபோன பெயர்கள் உள்ளன. தோட்டச் செக்ரோல்களில் புதிதாய்ச் சேர்ந்த பெயர்கள் உள்ளன. இரண்டையும் ஒப்புநோக்கி, உரியவர் இசைவோடு அவர்தம் வாய்மொழியையும் பதிதல், வரலாறு பயிலும் நம் மாணவர்க்கு ஏற்ற பணியாகும். இடையில் நின்றோர் மீண்டும் பரீட்சைக்கு அமர வழிகாட்டுதல் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் உரிய கடன். அவர்கள் இன்றும் இளைஞரே. ஆதலின் அக்கடனைத் தீர்க்கக் காலம் இன்னும் உண்டு.