"இதயத்தில ஓட்டை": ஒரு நோயின் வரலாறும் எங்கட ஊர் அலுமாரிகளும்

எங்கட பக்கத்தில "பிறவி இதய நோய்" என்று யாரும் சொல்றதில்ல. "புள்ளைக்கு இதயத்தில ஓட்டையாம்" என்றுதான் சொல்லுவாங்க. அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவாங்க. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் இந்தப் பேச்சு ஒரே மாதிரித்தான். ஆனால் இது அபூர்வமான நோய் அல்ல. உலகம் முழுக்க, பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. பிறவிக் குறைபாடுகளிலேயே அதிகமாகக் காணப்படுவது இதுதான். கல்முனையில் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு வீடாவது இதைக் கண்டிருக்கும். இருந்தும் ஒவ்வொரு வீடும் இது தங்களுக்கு மட்டும் வந்த சோதனை என்றே நினைக்கிறது.

இந்த ஒளித்துப் பேசும் பழக்கம் எங்கிருந்து வந்தது, அதனால் என்ன கெடுகிறது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஓட்டை இருக்கா, இல்லையா?

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் கேலன், அரபியில் ஜாலினூஸ், எல்லா மனிதருடைய இதயத்திலும் ஓட்டை இருக்கிறது என்று எழுதினார். வலது பக்க இரத்தம் இடது பக்கம் போக வழி வேண்டுமே, ஆகவே நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்க வேண்டும் என்பது அவருடைய கணிப்பு. ஆயிரம் வருஷத்துக்கு மேல் யாரும் அதை அசைக்கவில்லை. இப்னு சீனாவின் மருத்துவ நூலும் பெரும்பாலும் கேலனின் வழியில்தான் போனது.

1242 அளவில் கெய்ரோவில் இருந்த இப்னு நபீஸ், இப்னு சீனாவின் நூலுக்கு விளக்கம் எழுதும்போது இதை மறுத்தார். அந்தச் சுவர் தடிப்பானது, அதில் தெரியும் துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை. இரத்தம் வலது பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போய், காற்றோடு கலந்து, இடது பக்கத்துக்குத் திரும்புகிறது என்றார். ஐரோப்பாவில் ஹார்வி இரத்தச் சுற்றோட்டம் பற்றி எழுதியது 1628இல். இப்னு நபீஸின் பிரதியை 1924இல் பெர்லின் நூலகத்தில் கண்டெடுத்து உலகுக்குச் சொன்னவர் முஹ்யித்தீன் அல்தத்தாவி என்ற எகிப்திய வைத்தியர்.

இதை வட்ஸ்அப்பில் "அப்பவே நம்மட ஆக்கள் கண்டுபிடிச்சிட்டாங்க" என்று பகிர்வதோடு நாங்கள் நிற்பாட்டிவிடுகிறோம். ஆனால் பெரியவர் சொன்னது என்பதற்காக அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் இதில் முக்கியம். சாதாரண இதயத்தின் நடுச்சுவரில் துளை இல்லை என்று தெரிந்த பிறகுதான், துளை இருந்தால் அது ஒரு குறை என்று சொல்லவே முடிந்தது.

கருவறையில் எல்லாருக்கும்

அதே நேரம், கேலன் அறிந்திருந்த இன்னொரு துளை நிஜமானது. பிறப்பதற்கு முன்னால் உங்கள் இதயத்திலும் என் இதயத்திலும் ஒரு வழி திறந்திருந்தது. வயிற்றிலிருக்கும் புள்ள மூச்சு விடுவதில்லை. ஒட்சிசன் தொப்புள்கொடி வழியாக வருகிறது. ஆகவே நுரையீரலுக்குப் போகத் தேவையில்லாத இரத்தம், மேல் அறைகளுக்கு நடுவிலுள்ள துளையால் வலது சோணையிலிருந்து இடது சோணைக்குக் குறுக்கே போகிறது. புள்ள பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் அழுத்தம் மாறி, ஒரு மெல்லிய மடிப்பு வந்து அந்த வழியை அடைக்கிறது. பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டாமலே இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோருக்கு அது தெரியவே தெரியாது.

கருவில் இதயம் உருவாகும் வேலை ஏறக்குறைய முதல் எட்டு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பல உம்மாமாருக்குத் தாங்கள் புள்ளத்தாச்சி என்றே அப்போதுதான் தெரியவரும். அந்த நாட்களில் நடுச்சுவர் முழுதாக மூடாவிட்டால் அதுதான் "ஓட்டை". கீழறைகளுக்கு நடுவிலுள்ள சின்னத் துளைகள் பல தாமாகவே மூடிவிடும். பெரிய துளைகள் மூடாது. அதனால் நுரையீரலுக்கு அளவுக்கு மிஞ்சி இரத்தம் பாயும். புள்ள பால் குடிக்கும்போதே களைக்கும், வியர்க்கும், நிறை கூடாது. பல வருஷம் கவனிக்காமல் விட்டால் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் இறுகி, துளையை அடைக்கவே முடியாத நிலை வரும். 1897இல் ஐசன்மெங்கர் என்ற வைத்தியர் விவரித்த நிலை இது. தாமதம் இந்த நோயில் அவ்வளவு பாரதூரமானது.

குற்றம் யார் மேல?

இப்படி ஒரு புள்ள பிறந்தால் முதல் கேள்வி உம்மாவிடம்தான் போகும். கிரகணத்தில வெளிய போனியா? எதைச் சாப்பிட்டாய்? எதைப் பார்த்துப் பயந்தாய்? கேட்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல, காரணம் தேடுகிறார்கள். ஆனால் அந்தக் கேள்வி ஒரு பெண்ணின் மேல் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

1941இல் அவுஸ்திரேலியாவில் நோர்மன் கிரெக் என்ற கண் வைத்தியர் வேறு மாதிரிக் கேட்டார். பிறவியிலேயே கண்புரையோடு குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். பலருக்கு இதயத்திலும் குறை. தாய்மார் தங்களுக்குள் பேசிக்கொண்டதை அவர் கவனித்தார் என்று சொல்வார்கள். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் அவர்களுக்கு ருபெல்லா, அதாவது ஜேர்மன் சின்னமுத்து, வந்திருந்தது. அவர் தாய்மாரிடம் குற்றம் தேடாமல் அவர்கள் சொன்னதைச் சாட்சியமாக எடுத்ததால் ஒரு காரணம் பிடிபட்டது. இலங்கையில் ருபெல்லாத் தடுப்பூசி 1996இல் பெண்களுக்குத் தொடங்கியது. 2020 ஜூலையில் இலங்கை ருபெல்லாவை ஒழித்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. வீடு வீடாகப் போகும் மிட்வைஃப்மாரும் கிளினிக் வரிசையில் நின்ற எங்கட உம்மாமாரும் சேர்ந்து செய்த வேலை அது.

மிச்சக் காரணங்கள் அவ்வளவு நேரானவை அல்ல. தாயின் கட்டுப்படாத சீனி வருத்தம், சில மருந்துகள், மரபணு மாற்றங்கள் என்று பல இருக்கின்றன. நெருங்கிய சொந்தத்தில் முடிப்பது ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. மச்சான் மச்சாள் கலியாணம் சாதாரணமான எங்கட ஊர்களில் இதைப் பேச வேண்டும்தான், ஆனால் பழிக்காகப் பேசக் கூடாது. அந்நியத்தில் முடித்தவர்களுக்கும் இப்படிப் புள்ளைகள் பிறக்கின்றன. பெரும்பாலானோருக்குக் காரணமே தெரிவதில்லை.

சத்திரசிகிச்சை வந்த கதை

1944 நவம்பர் 29 அன்று, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், உடல் நீலம் பாரித்த ஒரு கைக்குழந்தைக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. பிரான்சில் ஃபலோ என்பவர் 1888இல் விவரித்த, நான்கு குறைகள் சேர்ந்த நோய் அது. நுரையீரலுக்குப் போதிய இரத்தம் போகவில்லை. கைக்குப் போகும் நாடியைத் திருப்பி நுரையீரல் நாடியோடு இணைத்தால் என்ன என்ற யோசனை ஹெலன் டௌசிக் என்ற பெண் வைத்தியருடையது. அவருக்குக் காது சரியாகக் கேட்காது. இதயத் துடிப்பை விரலால் தொட்டு அறியப் பழகியவர். கத்தி பிடித்தவர் அல்பிரட் பிளேலொக். பிளேலொக்கின் பின்னால் நின்று, தையலை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் விவியன் தோமஸ் என்ற கறுப்பினத்தவர். தச்சுவேலை பழகியவர், வைத்தியராகச் சேர்த்த காசு வங்கி முறிந்ததில் போனது. ஆய்வுகூடத்தில் அந்தச் சிகிச்சையை நாய்களில் செய்து செய்து உருவாக்கியவர் அவர்தான். அவருக்குக் கொடுத்த பதவித் தரம் துப்புரவுத் தொழிலாளிக்கு உரியது. 1945இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. 1976இல்தான் கௌரவ கலாநிதிப் பட்டம் கிடைத்தது.

அந்தக் குழந்தை சில மாதங்களில் இறந்துபோனது. ஆனால் வழி திறந்துவிட்டது. 1953 மே 6இல் ஜோன் கிபன், இதய நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு 18 வயதுப் பெண்ணொருவரின் மேலறைத் துளையைத் தைத்து மூடினார். அடுத்த வருஷம் மினசோட்டாவில் லில்லிஹை, இயந்திரத்துக்குப் பதிலாகத் தகப்பனையே பக்கத்தில் படுக்க வைத்து, புள்ளையின் இரத்தத்தைத் தகப்பனின் உடலினூடாகச் சுற்றவிட்டுச் சத்திரசிகிச்சை செய்தார். முதல் புள்ள பதினொரு நாளில் போய்விட்டது. பிறகு வந்த பலர் பிழைத்தார்கள். இன்று சில துளைகளுக்கு நெஞ்சைத் திறக்கவே தேவையில்லை. தொடையிலுள்ள குழாய் வழியாக ஒரு சின்னக் குடை போன்ற மூடியைக் கொண்டுபோய்ப் பொருத்துகிறார்கள்.

கொழும்புப் பாதை

எங்களுக்கு இந்த வரலாற்றின் பெயர் "கொழும்பு". சந்தேகம் முதலில் வருவது பெரும்பாலும் உள்ளூர்க் கிளினிக்கில், தராசில் நிறை கூடாதபோது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் பேரப்பிள்ளைதான் அந்தத் தராசு. அதன் பிறகு எக்கோ ஸ்கேன், மட்டக்களப்பு, கடைசியில் பொரளையிலுள்ள லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. அங்கே காத்திருப்புப் பட்டியல் நீளம். இட வசதியைப் பெருக்க 2017இல் "லிட்டில் ஹார்ட்ஸ்" என்ற பெயரில் நாடு முழுதும் நிதி திரட்டத் தொடங்கினார்கள். சிகிச்சை இலவசம், ஆனால் இரவு பஸ், தங்குமிடம், இழந்த நாட்கூலி, புரியாத சிங்களம் இதெல்லாம் இலவசம் இல்ல. யுத்த காலத்தில் ஒரு புள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுபோனவர்களிடம் சோதனைச்சாவடிகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பயணத்திலிருந்து வீட்டுக்கு வருவது ஒரு கிளினிக் கொப்பி. எப்போது என்ன செய்தார்கள், எந்த மருந்து, அடுத்தது எப்போது என்பதெல்லாம் அதில்தான். பெரும்பாலும் நோயாளியின் கையிலுள்ள ஒரே பதிவு அது. 2004 டிசம்பர் 26இல் கரையோரத்தில் வீடு போனவர்களுக்கு அதுவும் போனது.

கடல் கொண்டுபோகாத கொப்பிகளை நாங்களே ஒளிக்கிறோம் என்பதுதான் இங்கே நான் சொல்ல வந்த விஷயம். எங்கட சொந்தத்திலயே ஒரு தங்கச்சிக்குச் சின்ன வயதில் துளையை மூடினார்கள். பத்து வயது வரை ஒழுங்காகக் கிளினிக். அதற்குப் பிறகு கொப்பி அலுமாரியில், உடுப்புகளுக்குக் கீழே. "நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணுமே" என்பதுதான் காரணம். ஆண்பிள்ளையின் நெஞ்சுத் தழும்பை யாரும் இப்படி மறைப்பதில்லை.

துளையை மூடினால் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். பலருக்கு அது ஏறக்குறைய உண்மைதான். ஓடலாம், படிக்கலாம், கலியாணம் முடிக்கலாம், புள்ள பெறலாம். ஆனால் சிலருக்கு வருஷங்கள் கழித்துத் துடிப்பு ஒழுங்கு கெடலாம், வால்வு கசியலாம். பல் பிடுங்கும்போது சிலருக்கு முன்கூட்டியே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவை. கர்ப்பகாலத்தில் இதயத்தின் வேலை ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. ஆகவே கர்ப்பத்துக்கு முன்னமே வைத்தியர் பார்க்க வேண்டும். புதுசாகக் கலியாணம் முடித்த வீட்டுக்கு மிட்வைஃப் வந்து "ஏதும் வருத்தம் இருக்கா?" என்று கேட்பது இதற்காகத்தான். மாமியார் முன்னால் "ஒன்றுமில்ல" என்று சொல்லிவிட்டால், அவ்வளவு தூரம் போய்க் கொண்டுவந்த அறிவு முழுவதும் அந்த இடத்தில் அறுந்துபோகிறது.

இதில் எங்கட கரையோரத்துக்கு ஒரு வசதியும் இருக்கிறது. இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெண் பிறந்த வளவிலேயே, பெரும்பாலும் அதே மிட்வைஃபின் பிரிவிலேயே இருக்கிறாள். கொப்பி ஊர் மாறத் தேவையில்லை. அலுமாரியை விட்டு வெளிய வந்தால் போதும். கலியாணப் பேச்சில் காணி, வீடு, நகை எல்லாம் வெளிப்படையாகப் பேசுகிற நாங்கள், மூடிக் குணமான ஒரு துளையைப் பற்றியும் ஒரு வசனம் பேசலாம். அதைக் கேட்டுவிட்டு எழும்பிப் போகிற மாப்பிள்ளை வீட்டார் போகட்டும். பிரசவ அறையில் மூச்சு முட்டும்போது தெரியவருவதை விட அது எவ்வளவோ நல்லம்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு கொப்பி இருந்தால் இன்றைக்கே எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். யாருடைய பெயர் அதில் இருக்கிறதோ, அவருடைய கையில் கொடுங்கள். பதினெட்டு வயது தாண்டியும் தன் இதயத்துக்கு என்ன நடந்தது என்று தெரியாத பிள்ளைகள் எங்களோடு ஒரே வகுப்பில் இருக்கிறார்கள்.