தகரம், துண்டு, அட்டை: மண்டபம் முகாமை வாசித்தல்

எல்லை என்றதும் நமக்கு முள்வேலியும் துப்பாக்கியும் ஞாபகத்துக்கு வருகின்றன. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் என்றால் கடல்தான் எல்லை என்று சொல்லிவிடுவோம். ஆனால் தோட்டத்துக்குப் போன உழைக்கும் மக்களைப் பொறுத்தவரை எல்லை கடலில் இல்லை. கரையில், மண்டபத்தில் இருந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. கப்பலில் கால் வைப்பதற்கு முன்பே இலங்கை தொடங்கிவிடும். அந்த இடத்தில் கடந்த நூறாண்டுகளில் மூன்று பெயர்கள் வழங்கப்பட்டிருக்கின்றன: கூலி, தாயகம் திரும்பியோர், அகதி. கொள்ளுத்தாத்தா முதல் பெயரை வாங்கினார், பெரியப்பா இரண்டாவதை, பேரன் மூன்றாவதை என்று சொல்லக்கூடிய மலையகக் குடும்பங்கள் உண்டு. சோதனை என்பது ஏற்கெனவே இருக்கும் அடையாளத்தைச் சரிபார்க்கும் வேலை என்று நம்புகிறோம். மண்டபத்தின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது: சோதனைதான் அடையாளத்தை உற்பத்தி செய்கிறது.

முகாமுக்கு முன்பு எப்படி இருந்தது? 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் தொண்டி, அம்மாபட்டினம் போன்ற சிறு துறைகளில் தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவும் பசியும் அந்த வழியில் கொன்றவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. அப்போது மண்டபம் போன்ற ஒரு முகாம் இல்லை. 1896இல் பம்பாயில் பிளேக் வந்தபோதுதான் அரசுக்கும் துரைமார்களுக்கும் கிலி பிடித்தது. நடைவழி மூடப்பட்டது. ஆட்கள் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்கு அனுப்பப்பட்டு ராகமை முகாமில் வைக்கப்பட்டார்கள். பிறகு சோதனையே இந்தியக் கரைக்கு நகர்ந்தது. தூத்துக்குடி வழிக்குத் தட்டப்பாறை. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கிய பிறகு மண்டபம். ஆக, இந்தச் சோதனை பயணியைக் காப்பாற்ற வந்ததில்லை. பயணியிடமிருந்து தோட்டத்தைக் காப்பாற்ற வந்தது.

முகாமில் தோட்டக் கூலிகளுக்கு ஐந்தாறு நாள் அடைப்பு. அம்மை குத்துவார்கள். துணிமணிக்குக் கிருமிநீக்கம் நடக்கும். பிற்பாடு கொக்கிப்புழுவுக்கும் மருந்து புகட்டினார்கள். இதே போட் மெயிலில் முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் வந்தவர்களுக்கு இந்த அடைப்பு கிடையாது. டாக்டர் பார்த்துச் சீட்டுக் கொடுத்தால் கப்பல் ஏறிவிடலாம். கிருமிக்கு டிக்கெட்டின் வகுப்பு தெரியுமா என்ன? நோய் உடலில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே, எந்த உடல் நோயுள்ள உடல் என்பது முடிவாகிவிட்டது. வந்தவர்களில் பெரும்பகுதி தாழ்த்தப்பட்ட மக்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். பண்ணையிலிருந்தும் சேரியிலிருந்தும் தப்பி வந்தவனைத்தான், ரயிலை விட்டு இறங்கிய இடத்தில் இன்னொரு தீட்டு எதிர்கொண்டது. இந்தத் தீட்டின் பெயர் சுகாதாரம்.

அடுத்தது தகரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு இது. துளையிட்ட ஒரு தகர வில்லை. அதில் தோட்டத்தைக் குறிக்கும் அடையாளமும் எண்ணும் பொறித்திருக்கும். கூலி அதைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். அதைக் காட்டினால் வழிநெடுக ரயில், கப்பல், சாப்பாடு எல்லாம் நடக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பார்சல் மேல் முகவரி ஒட்டுகிற மாதிரிதான். மிஷல் ஃபூக்கோ கொள்ளைநோய் பீடித்த ஐரோப்பிய நகரத்தைப் பற்றி எழுதும்போது, அங்கே ஒவ்வொருவரும் பெயராகவும் இடமாகவும் பதிவேட்டில் நிறுத்தப்படுவதை விவரிக்கிறார். நம் தோழர்கள் அதை அப்படியே மண்டபத்தின் மேல் கவிழ்த்துவிடக் கூடாது. அங்கே கண்காணிப்பு தனிமனிதனை உருவாக்கியது. இங்கே கழுத்தில் தொங்கிய தகரத்தில் பெயர் இல்லை. எந்தத் தோட்டத்துச் சரக்கு என்பது மட்டும்தான் இருந்தது.

தகரத்துக்குப் பின்னால் துண்டு இருந்தது. இன்ன தொகைக் கடனை அடைத்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணியோடு சேர்ந்து ஆட்களும் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறினார்கள். 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. 1922இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்து, கங்காணிக்கு லைசென்ஸ், அதிகாரிகளின் மேற்பார்வை என்றெல்லாம் ஏற்பாடாயிற்று. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு கூலிகளின் பயணத்தையே தடைசெய்தது. இத்தனை காலத்திலும் தகரம், துண்டு, லைசென்ஸ் என எதுவும் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. அவனைப் பற்றிய தாள்கள் எல்லாம் அடுத்தவன் பெட்டியில் இருந்தன.

இதன் விலை 1948இல் தெரிந்தது. சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம், உன் தகப்பன் இங்கே பிறந்தான் என்று காட்டு என்றது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சந்து திறந்துவிட்டது: 1946 ஜனவரி 1க்கு முன்பு, மணமானவர்கள் ஏழு வருஷமும் மற்றவர்கள் பத்து வருஷமும் தொடர்ச்சியாக இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். இடையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்துபோகும். தாய் சாகக் கிடக்கிறாள் என்று ஊருக்குப் போய், அங்கேயே ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டவன் தொலைந்தான். எட்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்ததில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. தலைமுறை தலைமுறையாக எண்ணப்பட்டு, ஊசி குத்தப்பட்டு, எண் மாட்டப்பட்ட ஒரு சமூகத்திடம், நீங்கள் இங்கே இருந்ததற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். எண்ணியவர்களே கேட்டார்கள்.

பிறகு மண்டபம் எதிர்த்திசையில் இயங்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டே மாதத்தில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. மலைநாட்டு ஸ்டேஷன்களில் சொந்தங்களைப் பிரித்துக்கொண்டு போன ரயிலுக்கு ஜனங்கள் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்க மாட்டோம் என்பது ஒப்பந்தத்தின் பெருந்தன்மை! வாழ்நாள் உழைப்பை மூட்டையாகக் கட்டிச் சுங்கத்தில் அவிழ்த்துக் காட்டிவிட்டு வந்தவர்கள் கையில் இம்முறை தகரம் இல்லை, குடும்ப அட்டை இருந்தது. மண்டபத்திலிருந்து அவர்களை நீலகிரித் தேயிலைக்கும் நூற்பாலைக்கும் வியாபாரக் கடனுக்குமாகப் பிரித்து அனுப்பினார்கள். ‘தாயகம் திரும்பியோர்’ என்றது அரசு. பிறந்த மண்ணிலிருந்து கிளம்பி, பார்த்தேயிராத மண்ணில் இறங்கியவர்களுக்கு இப்படி ஒரு பேர்.

1983 வன்முறைக்குப் பின் மூன்றாவது பெயர். 1984இல் கப்பல் நின்றுபோச்சு. ஜனங்கள் தோணியில் வந்தார்கள். வந்தவர்களை மறுபடி மண்டபத்தில்தான் விசாரித்துப் பதிந்தார்கள். அவர்களில், ஒப்பந்தப்படி இந்தியா ஏற்றிருக்க வேண்டிய மலையகத் தமிழரும் உண்டு. கப்பலில் பாஸ்போர்ட்டோடு வந்த அண்ணன் இந்தியக் குடிமகன்; தோணியில் வந்த தம்பி, 2003ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் மொழியில் சட்டவிரோதக் குடியேறி. இப்படிப்பட்ட 65 பேரின் மனுக்களைப் பரிசீலிக்கும்படி 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை. 2021இல் தமிழக அரசு அகதி முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. 2022இல் பொருளாதார நெருக்கடியில் பட்டினி தாங்காமல் கடல் தாண்டியவர்கள் வந்து சேர்ந்த இடமும் மண்டபம்தான்.

எனவே, அகதிகளிடம் மனிதாபிமானம் காட்டுங்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டிருப்பது போதாது. மனிதாபிமானம் முகாமுக்குள் சோறு போடும். ஆதாரம் கேட்கிறவன் யார் என்று கேட்காது. ஆதாரம் கொடுக்க வேண்டியவர்கள் இந்த மக்கள் இல்லை. கொண்டுபோனவர்களும் எண்ணியவர்களும் பங்குபோட்டவர்களும் அரசுகள்தாம். கணக்கை அவர்கள் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால், அந்த இல்லாமையின் பழி முகாமில் பிறந்த குழந்தையின் தலையில் விழக் கூடாது. நிரூபிக்கும் சுமையை அரசின் பக்கம் திருப்பிவைப்பது சட்ட நுணுக்கம் சார்ந்த கோரிக்கை அல்ல. கழுத்திலிருந்து அந்தத் தகரத்தைக் கழற்றுவதற்கான அரசியல் அது.