ஜமீன் பிள்ளைக்கு 1804, நெசவாளி பிள்ளைக்கு 2012

அடையாற்றங்கரையில் உள்ள அனகாபுத்தூர் தறிகளுக்குப் பேர்போன ஊர். இங்கே நெய்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி கப்பலேறி நைஜீரியா வரை போயிருக்கிறது. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊர்த் தெருவில் ஒரு குழந்தை சொந்த வீட்டிலேயே அடிபட்டாலும் பட்டினி கிடந்தாலும், அதற்காகக் கோர்ட்டு வாசலில் போய் நிற்க ஒருவரும் கிடையாது. அதே காலத்தில் மெட்ராஸ் மாகாணத்தில் ஒரு சிலருடைய பிள்ளைகளுக்கு மட்டும் சர்க்காரே காப்பாளராக இருந்தது. அவர்கள் ஜமீன் வாரிசுகள்.

1804-ஆம் ஆண்டின் ஐந்தாம் ரெகுலேஷன் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தகப்பனை இழந்த ஜமீன் பிள்ளை மேஜராகும் வரை எஸ்டேட்டையும் அவனுடைய படிப்பையும் அது பார்த்துக்கொண்டது. சென்னை நியூயிங்டன் மாளிகையில் இவர்களுக்கென்றே தனிப் பள்ளி நடந்தது. 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டமும் மைனருக்காக வழக்காட ஒரு துணை ஆளை அனுமதித்தது. அந்தத் துணை பெரும்பாலும் நிலத்துக்கும் பாகப்பிரிவினைக்கும்தான் தேவைப்பட்டது. சொத்தில்லாத பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

ஏழைப் பிள்ளைக்குச் சட்டம் காட்டிய வழி வேறு. 1876-ஆம் ஆண்டின் சீர்திருத்தப் பள்ளிச் சட்டத்தின்படி, 1887-இல் செங்கல்பட்டில் அத்தகைய பள்ளி ஒன்று தொடங்கியது. அதற்குள் போக வேண்டுமானால் சிறுவன் முதலில் குற்றவாளி என்று தீர்ப்பாக வேண்டும். அடி வாங்கிய பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

இந்த நிலையை மாற்றியதில் மெட்ராஸ் மாகாணத்துக்கு முதல் பெருமை உண்டு. 1920-இல் வந்த மெட்ராஸ் குழந்தைகள் சட்டம், இந்தியாவில் இந்த வகையில் முதலாவது. வங்காளம் 1922-இலும் பம்பாய் 1924-இலும் பின்தொடர்ந்தன. ஆதரவற்றுத் திரியும் பிள்ளை, பிச்சைக்கு விடப்பட்ட பிள்ளை, குடிகாரப் பெற்றோரிடம் சிக்கிய பிள்ளை என எந்தக் குற்றமும் செய்யாதவர்களையும் கோர்ட்டு தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள முடிந்தது. சான்றளிக்கப்பட்ட பள்ளிக்கு அனுப்பலாம். உறவினரிடமோ 'தகுந்த நபர்' ஒருவரிடமோ ஒப்படைக்கலாம். ஊரில் உள்ள ஒரு நல்ல மனிதரை நம்பி நீதிமன்றம் ஒரு பிள்ளையைத் தருவது அன்றைக்குப் பெரிய எண்ணம். ஆனாலும் பிள்ளையை எங்கே வைப்பது என்றுதான் சட்டம் யோசித்தது. அந்தப் பிள்ளை சொல்வதைக் கேட்டு நீதிபதியிடம் எடுத்துச்சொல்ல ஓர் ஆளை அது ஏற்படுத்தவில்லை.

அந்த ஆள் உருவானது அமெரிக்காவின் சியாட்டில் நகரில். சிறார் நீதிமன்ற நீதிபதி டேவிட் சூகப், குழந்தையைப் பற்றி அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு அதன் வாழ்க்கையை முடிவு செய்ய வேண்டியிருக்கிறதே என்று தவித்தார். 1977-இல் பொதுமக்களையே பயிற்றுவித்துத் தன்னார்வலர்களாக நியமித்தார். அவர்கள் வக்கீல்கள் அல்லர். வீட்டுக்கும் பள்ளிக்கும் போய் விசாரித்து, அந்தப் பிள்ளைக்கு எது நல்லது என்று நீதிபதிக்கு அறிக்கை தருவார்கள். பின்னணிச் சரிபார்ப்பும் முன்பயிற்சியும் அங்கே கட்டாயம்.

இந்தியாவில் இதற்கு மிக நெருங்கிய ஏற்பாடு, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தோடு வந்தது. 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று அது நடைமுறைக்கு வந்தது. சீருடை அணியாத அதிகாரி, இயன்றவரை பெண்ணாக, குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும் என்பது முதல், வக்கீல் தன் கேள்வியை நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும் என்பது வரை நுணுக்கமாக எழுதப்பட்ட சட்டம் இது. அதன் விதிகளில்தான் 'ஆதரவு நபர்' வருகிறார். புகார் பதிவான 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் சொல்ல வேண்டும். குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால் குழு ஆதரவு நபரை நியமிக்கும்.

2020-இல் திருத்தி எழுதப்பட்ட விதிகள் அவர் வேலையை விளக்குகின்றன. வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்து என்ன நடக்கும், என்ன உதவி கிடைக்கும் என்று குழந்தைக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். எதிரியைப் பார்த்துப் பயமாக இருக்கிறது, இப்படித்தான் சாட்சி சொல்ல முடியும் என்று குழந்தை சொன்னால் அதை உரியவர்களிடம் சேர்க்க வேண்டும். ரகசியம் காக்க வேண்டும். குழந்தைக்குப் பிடிக்காவிட்டால் காரணமே சொல்லாமல் அவரை விலக்கக் கேட்கலாம். இந்த விதியை எழுதியவர்களுக்குக் குழந்தையின் மனசு தெரிந்திருக்கிறது. ஊதியமும் உண்டு: திறன்பெற்ற தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது.

எழுத்தில் இருந்தது ஊருக்கு வர நாளானது. உத்தரப் பிரதேசம் லலித்பூரில் 2022-இல் பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுக்கப் போன 13 வயதுச் சிறுமி காவல் நிலையத்திலேயே மீண்டும் வன்கொடுமைக்கு ஆளானதாக எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2023 ஆகஸ்ட் 18 அன்று நீதிபதிகள் ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு, ஆதரவு நபர் உண்டு என்பதை எல்லா வழக்கிலும் குடும்பத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது.

வெளியிலிருந்து ஒருவர் பக்கத்தில் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் செங்கல்பட்டே வேதனையான சாட்சி. திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்டு அங்குள்ள கூர்நோக்கு இல்லத்தில் அடைக்கப்பட்ட தாம்பரம் பகுதிச் சிறுவன், வயது 17, 2022 டிசம்பர் 31 அன்று இறந்தான். அவனை அடித்ததாக ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அந்த மரணத்துக்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை இல்லங்களை ஆராயும் ஒருநபர் குழுவாகத் தமிழக அரசு நியமித்தது.

அனகாபுத்தூர் இன்று தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டாலும், பெரிய கோர்ட்டு வேலைக்குச் செங்கல்பட்டுக்குத்தான் போக வேண்டும். பல்லாவரம் வந்து ரயிலேறிப் போய்த் திரும்பினால் ஒரு தாயின் அன்றைய கூலி போய்விடும். வாய்தா தள்ளிப்போனால் இன்னொரு நாள் கூலியும் போகும். இந்த அலைச்சலில் வழக்கை விட்டுவிடலாம் என்று தோன்றும்போது கூட நிற்பதற்குத்தான் ஆதரவு நபர்.

இவர்கள் பெயர்ப் பட்டியலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வைத்திருக்க வேண்டும். பல்லாவரத்திலும் பம்மலிலும் சமூகப்பணி படித்தவர்கள், குழந்தைகளோடு வேலை செய்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்ட அலகை அணுகி, பெயர் பதிவு செய்ய என்ன தகுதி வேண்டும் என்று கேளுங்கள். போக்சோ புகாரோடு நிற்கும் பெற்றோர் யாரையாவது தெரிந்தால், ஆதரவு நபர் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதைச் சொல்லுங்கள். ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு அழைக்க வேண்டிய எண் 1098.