வாய்பாடு: மா, காணி, மாகாணி

ராகம் போட்டுச் சொல்வதால் 'வாய்பாடு' என்று பெயர் வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். கோட்பாடு, மேம்பாடு, வழிபாடு ஆகியவற்றில் வரும் 'பாடு', 'படு' என்னும் வினையின் தொழிற்பெயர். வாய்பாட்டையும் அந்த வரிசையில் வைப்பதே பொருந்தும். 'வாய்ப்பாடு' என ஒற்று மிகுத்து எழுதுவோரும் உண்டு.

இலக்கணக்காரர்களுக்கு இது பழகிய சொல். வந்து, நடந்து, தின்று எல்லாம் 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சங்கள். நன்னூல் இத்தகைய வினையெச்ச வாய்பாடுகள் 12 தருகிறது. யாப்பில் சீருக்குத் தேமா, புளிமா. வெண்பாவின் ஈற்றுக்கு நாள், மலர், காசு, பிறப்பு. ஓர் இனத்துக்கே அச்சாக நிற்கும் சொல்தான் வாய்பாடு.

கணக்கில் இந்த அச்சு எண்சுவடி என்னும் பெருக்கல் வாய்பாட்டுச் சுவடியில் இருந்தது. திண்ணைப் பள்ளிப் பையன் முதலில் பொன்னிலக்கத்தில் முந்திரி (1/320) தொடங்கி எண்களைக் கற்பான். நெல்லிலக்கத்தில் ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி என்று கலம்வரை முகத்தலளவை ஏறும். பிறகு எண்சுவடி. அது முழு எண்ணோடு நிற்காது. கால், அரைக்கால், மா (1/20), காணி (1/80) என்று பின்னங்களுக்கும் வாய்பாடு உண்டு. நிலப் பரப்புக்குக் குழிமாத்து. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஆகவே 'மா' என்றால் பின்னமும் தெரியும், வயலும் தெரியும். அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரன் நாணயம் வந்தபோதும் பின்னங்களுக்கு வேலை போகவில்லை. ரூபாய்க்கு 16 அணா. அணா என்பது ரூபாயில் மாகாணி, அதாவது வீசம். நெல்லும் படியில்தான் அளந்தார்கள். பள்ளியில் அச்சுப் புத்தகம் வந்தாலும் கடையில் மாகாணி வாய்பாடு பிழைத்தது.

அடி விழுந்தது சுதந்திரத்துக்குப் பின். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி மெட்ரிக் எடையும் அளவும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. காசும் அளவும் பத்தின் மடங்காகிவிட்டதால் காணி வாய்பாட்டைப் படிக்கக் காரணமே இல்லாமல் போனது. வாய்பாடு என்றால் பெருக்கல் மட்டுமே என்று சுருங்கியது. 'மூலக்கூறு வாய்பாடு' என்று வேதியியல் இதே சொல்லை எடுத்துக்கொண்டது. அதை யாரும் கோரஸாகச் சொல்வதில்லை.

இந்த நூற்றாண்டில் செயல்வழிக் கற்றல் அட்டைகளும், 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் தொடக்கப் பள்ளிக்கு வந்துள்ளன. மனப்பாடமா, புரிதலா என்ற வாதமும் தொடர்கிறது. எண்சுவடி மனப்பாடம்தான், ஆனால் அதன் ஒவ்வொரு எண்ணுக்கும் ஊரில் ஒரு பொருள் இருந்தது. முறையை மாற்றும்போது அந்தப் பொருளையும் தேடித் தர வேண்டும். பெயரிலேயே விளக்கம் வைத்திருக்கும் பின்னமும் உண்டு: மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. 1/20உடன் 1/80ஐக் கூட்டினால் 1/16. பகுதி வெவ்வேறான பின்னங்களைக் கூட்டிக் காட்ட இதைவிட நல்ல கணக்கு ஐந்தாம் வகுப்புக்குக் கிடைக்காது.