பசறை பஸ்ஸில் தொடங்கிய சண்டை: 'வல்லவன்' பாட்டா, சவுண்டா?

போன விடுமுறையில் பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. டிரைவர் 'மடை திறந்து' போட்டார். எஸ்.பி.பி. பாடிய பழைய பாட்டு இல்லை. மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா 2006 இல் 'வல்லவன்' அல்பத்துக்காகச் செய்த ராப். எங்களில் ஒருவன் ஒரு சொல் விடாமல் கூடவே பாடினான். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படிக்கிற இன்னொருத்தி திரும்பிப் பார்த்து, "இதுல பாட்டு எங்கடா இருக்கு? நல்ல வரியெல்லாம் வாலி எழுதினது. மிச்சம் வெறும் சவுண்டு" என்றாள். பசறை வந்தும் சண்டை முடியல. கெம்பஸ் திறந்த பிறகும் முடியல. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

மலேசிய அல்பத்துக்காக ஊவாவில் உட்கார்ந்து எதற்குச் சண்டை என்று கேட்கலாம். காரணம் இருக்கு. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டியபோது ஒரு கூட்டம் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே மலைக்கு நடந்தது. முதலில் கோப்பி, பிறகு தேயிலை. இன்னொரு கூட்டம் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனது. அவர்களில் பலருக்கு ரப்பர்த் தோட்டம் காத்திருந்தது. அங்கேயும் லயம், கங்காணி, துரை. 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தத் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீட்டுத் திட்டங்களுக்கும் கைமாற, சனங்கள் நகரத்தின் ஓரங்களுக்கு நகர்ந்தார்கள்.

அந்த நகரத்தில்தான் 1990களில் 'பொயட்டிக் அம்மோ' குழு வந்தது. யோகி பி, பொயிண்ட் பிளாங்க், லேண்ட் ஸ்லைட், சி. லோகோ. ஆங்கிலம், மலாய், தமிழ் என்று பல மொழிகளில் ராப் செய்தார்கள். பிறகு யோகி பி, டொக்டர் பேர்ன், எம்சி ஜெஸ் மூவரும் சேர்ந்து நட்சத்ராவாக முழு அல்பத்தையும் தமிழை நடுவில் வைத்துச் செய்தார்கள். 1973 இல் நியூயோர்க்கின் பிரொங்க்ஸில் கறுப்பின இளைஞர்களின் விருந்துகளில் பிறந்த ஒரு கலை, இப்படித்தான் எங்கள் பஸ்ஸுக்கு வந்து சேர்ந்தது.

இனி அவளுடைய குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, மெட்டு இரவல். உண்மைதான். ஆனால் எந்தப் பாட்டை இரவல் வாங்கினார்கள் என்று பாருங்கள். மூலப் பாட்டு, பாரதிராஜா 1980 இல் எடுத்த 'நிழல்கள்' படத்தில் வருகிறது. வேலையில்லாத இளைஞர்களின் கதை. இசையமைப்பாளராக வேண்டும் என்று அலையும் சந்திரசேகர் காணும் கனவுதான் அந்தப் பாட்டு. 26 வருடம் கழித்து, தமிழ் ராப்புக்கு மேடையும் பெரிதாக இல்லாத ஒரு நாட்டிலிருந்து மூன்று பேர் அதே கனவை எடுத்து, நடுவில் தங்கள் வரிகளை வைக்கிறார்கள். வாலியின் வரிகளுக்கு அவர்கள் பதில் சொல்கிறார்கள் என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

இரவல் மெட்டு எங்கள் மலைக்கும் புதுசில்லை. 1930களில் கோ. நடேசய்யர் தோட்டங்களில் தொழிற்சங்கம் கட்டியபோது அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். சனங்களுக்கு ஏற்கனவே பழகிய மெட்டுகளில் தொழிலாளர் துயரத்தையும் உரிமையையும் ஏற்றிப் பாடினார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் துண்டுப்பிரசுரத்தை வாசிக்க முடியாது. தெரிந்த மெட்டில் வந்த வரியை லயத்துக்குக் கொண்டு போகலாம், மறுநாள் மலையில் கொழுந்து பறிக்கும்போது முணுமுணுக்கலாம். அவர் பாடியதை 'காப்பி' என்று யாரும் ஒதுக்குவதில்லை. அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வாங்கின மெட்டில் என்ன புதுசாக வைத்தாய்?

இரண்டாவது, தாளில் எழுதிப் பார்த்தால் கவிதை இல்லை. இதற்கு எங்களிடம் பாதிப் பதில்தான் இருக்கு. ராப் காதுக்காகச் செய்யப்படுவது. ஆங்கில ராப் பெரும்பாலும் வரிக்கடைசி ஒலியில் நிற்கும். தமிழில் அதற்குப் பெயர் இயைபு. தமிழில் இயைபு ரொம்பச் சுலபம்; 'வந்தேன், நின்றேன், வென்றேன்' என்று வினைமுற்றுகளை அடுக்கினாலே விழுந்துவிடும். அது சோம்பேறி எதுகை என்று அவள் சொன்னது சரி, 'வல்லவன்' அல்பத்திலும் அப்படி இடங்கள் உண்டு. கஷ்டமானது இரண்டாம் எழுத்தில் வரும் நிஜ எதுகை. கொழுந்து, எழுந்து, விழுந்து. இதைத் தாளத்தின் அடி விழும் இடத்தில் வைத்து, மூச்சு முட்டாமல், பொருளும் கெடாமல் கொண்டுபோக வேண்டும். யோகி பி நன்றாகச் செய்கிற இடங்களில் செந்தமிழ்ச் சொல், தெருப்பேச்சு, ஆங்கிலம் மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன, தாளம் தடுக்குவதில்லை. வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்த யாப்பு உயிரோடு நடப்பதை முதல் தடவை அங்கேதான் கேட்டோம்.

தாளை மட்டும் நம்பினால் எங்கள் சொந்தப் பாட்டையே இழப்போம். சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983 இல் வந்தது. அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் பல பாட்டுகள் இன்று இல்லை. ஆனாலும் அச்சில் வரி மட்டும்தான் நிற்கும். தப்புச் சத்தம், இழுவை, ஒப்பாரியில் குரல் உடையும் இடம் எதுவும் தாளில் வராது. "வெறும் சவுண்டு" என்ற சொல்லை எங்கள் பாட்டிமாரின் பாட்டுமேலும் யாரோ ஒருவர் ஒரு காலத்தில் போட்டிருப்பார்.

மூன்றாவது, சும்மா தற்பெருமை. இதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஒரு கட்சி சொல்கிறது: கூத்தில் பாத்திரம் மேடைக்கு வந்ததும் 'நான் யார் தெரியுமா' என்று தன்னைத் தானே புகழ்ந்துதானே தொடங்கும்? காமன் கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு அது தெரியாதா? அதுவும் 'கூலி', 'தோட்டக்காட்டான்' என்று அடுத்தவன் பெயர் வைத்தே பழகின ஒரு சனம், 'நான் வல்லவன்' என்று தானே பெயர் வைத்துக்கொள்வது சின்ன விசயமில்லை.

மறுகட்சி சொல்வதும் நியாயம். 1994 இல் வந்த நாஸின் 'இல்மாட்டிக்' அல்பத்தைக் கேட்டால் அவன் வளர்ந்த குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பின் படிக்கட்டு வரை கண்ணுக்குத் தெரியும். 'வல்லவன்' கேட்டால் ஒரு ராப்பரின் திமிர் தெரிகிறது. அவன் தெரு அவ்வளவு துல்லியமாகத் தெரியவில்லை.

அந்த இடத்தை 2021 இல் வேறொரு பாட்டு தொட்டது. அறிவும் தீயும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி'. அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து இந்தியா திரும்பியவர். 1948 இல் குடியுரிமையைப் பறித்து, 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டார்கள். ஊவாவிலும் அப்படி வெறுமையான லயக் காம்பராக்கள் இருந்தன. அந்தப் பாட்டு முழங்கியபோது நாங்கள் கேட்டது எங்கள் மலையிலிருந்து போன ஒரு குரலை.

எங்கள் முடிவு இதுதான்: 'வல்லவன்' நல்ல பாட்டு, முழுமையான பாட்டு இல்லை. தமிழ் இந்தத் தாளத்தில் ஓடும் என்று அது காட்டிவிட்டது. எதை ஏற்றி ஓட்டுவது என்பது நம்ம வேலை. பிரட்டுக்களம், கொழுந்து மடுவம், நிறை குறைந்தால் போடுகிற அரைப்பேர். 'அரைப்பேர்' என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு நாள் உழைப்பும் பாதிச் சம்பளமும் பாதியாக்கப்பட்ட ஒரு மனுசியும் இருக்கிறார்கள். அதற்கு எதுகை தேட வேண்டியது கொழும்போ சென்னையோ கோலாலம்பூரோ இல்லை.

பஸ்ஸில் சண்டையைத் தொடங்கினவள் இன்னும் மசியவில்லை. "முதல்ல எழுதிக் காட்டுங்க, பிறகு பேசுவோம்" என்கிறாள். நியாயம்தானே? உங்களிடம் வரி இருந்தால் அனுப்புங்கள். தாளில் வேண்டாம், குரலில்.